கூடுமா என்று கேட்டார். மெய்யா என்று கேட்கவில்லை
(வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனுக்குத் தசைகள் தேய்ந்துகொண்டே போகும் பரம்பரை நோய். கையில் ஒரு மருத்துவமனையின் வழவழப்பான விளம்பரத்தாள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் பையன் எழுந்து நடப்பானாம். பல லட்சம் ரூபாய். குடோனை விற்க ஆள் பார்த்துவிட்டார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பாய், இதைக் கருவிலிருந்து எடுக்கிறார்களாமே, மார்க்கத்தில் கூடுமா?"

நல்ல கேள்வி. முதலில் அதற்கே வருவோம்.

வாழைக்குக் குருத்து எப்படியோ, உடலுக்கு ஸ்டெம் செல் அப்படி. தானும் பெருகும், வேறு வகைச் செல்லாகவும் மாறும். நம் எலும்பு மஜ்ஜையில் இருப்பவைதான் நாள்தோறும் புது ரத்தத்தை உண்டாக்குகின்றன. தொப்புள்கொடி ரத்தத்திலும் இவை உண்டு. 1988-இல் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற மருத்துவர், கொடிய ரத்தநோய் கொண்ட ஒரு சிறுவனுக்கு, அவனுடைய பச்சிளம் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்திப் பிழைக்க வைத்தார். இதில் எந்தக் கருவும் அழியவில்லை.

சர்ச்சை வந்தது 1998-இல். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன், சோதனைக்குழாய்க் குழந்தை முறையில் மிஞ்சிப்போன கருக்களிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். கருப்பையைச் சேராத, ஐந்தாறு நாளே ஆன கரு. செல்லை எடுத்தால் அந்தக் கரு அழிந்துவிடும். கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. 2001-இல் அதிபர் புஷ் இந்த ஆய்வுக்கான அரசுப் பணத்தைச் சுருக்கினார். 2009-இல் ஒபாமா அதைத் தளர்த்தினார்.

நம் மார்க்க அறிஞர்கள் என்ன செய்தார்கள்? வாய்மூடி இருந்துவிடவில்லை. மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹு சபை 2003 டிசம்பரில் இதை விவாதித்துத் தீர்மானம் போட்டது. பெரியவர்களின் உடலிலிருந்தும், தொப்புள்கொடியிலிருந்தும், தானாகக் கலைந்த கருவிலிருந்தும் எடுக்கலாம். மிஞ்சிய கருவைப் பெற்றோர் மனமுவந்து கொடுத்தால் அதுவும் ஆகும். ஆனால் இதற்காகவே கருவைக் கலைப்பதும், இதற்காகவே தானம் வாங்கிக் கருவை உண்டாக்குவதும், குளோனிங் செய்வதும் கூடாது. ரூஹ் ஊதப்படுவது நூற்றிருபதாம் நாளில் என்ற பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து இந்த விவாதங்களுக்கெல்லாம் அடிப்படையாக இருந்தது. ஈரானின் ரோயான் நிறுவனம் அதே 2003-இல் மனிதக் கரு ஸ்டெம் செல்லை வளர்த்துக் காட்டியது. பிறகு ஜப்பானின் ஷின்யா யமனாகா, கருவே வேண்டாம், தோல் செல்லையே குருத்தாகத் திருப்பலாம் என்று 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் நிரூபித்தார். 2012-இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆக, சகோதரர் பயந்த அளவுக்கு அந்தக் கேள்வி சிக்கலானதல்ல. விளம்பரத்தாளைத் திருப்பிப் பார்த்தேன். பையனின் சொந்த மஜ்ஜையிலிருந்தே எடுப்பதாகப் போட்டிருந்தது. கரு என்ற பேச்சே அதில் இல்லை! பரம்பரை நோய் என்றால் அவன் மஜ்ஜையிலும் அதே பழுதுதானே இருக்கும்? அதை எடுத்து அவனுக்கே ஏற்றினால் எப்படித் தீரும்? இதை அவரும் கேட்கவில்லை, தாளும் சொல்லவில்லை.

சகோதரர்களே, ஒரே கண்நோய், இரண்டு ஊர். ஜப்பானின் கோபே நகரில் 2014-இல் மசாயோ தகஹாஷியின் குழு, விழித்திரை தேய்ந்த ஒரு மூதாட்டிக்கு அவர் தோலிலிருந்தே செல் வளர்த்து, ஒரு கண்ணில் மட்டும் வைத்தது. பார்வை பிரமாதமாகத் திரும்பிவிடவில்லை. மேலும் கெடாமல் நின்றது. அதை அப்படியே சொன்னார்கள். அடுத்த நோயாளிக்கு வளர்த்த செல்லில் மரபணு மாற்றம் தெரிந்ததும் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலோ, 2015-இல் ஒரு தனியார் கிளினிக் மூன்று பெண்களிடம் தலைக்கு 5,000 டாலர் வாங்கிக்கொண்டு, கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஏற்றியது. மூவருக்கும் இருந்த பார்வையும் போனது. இரண்டு இடத்திலும் பெயர் ஸ்டெம் செல்தான்.

நீங்கள் வணிகர்கள். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம் என்று குவித்து வைத்திருந்தவரின் குவியலில் நபிகள் நாயகம் (ஸல்) கையை விட்டுப் பார்த்த சம்பவம் உங்களுக்குத் தெரியாததா? இந்த விளம்பரத்தாளுக்குள்ளும் அப்படிக் கையை விட்டுப் பாருங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவானது. ரத்தம் சார்ந்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவது நிலைபெற்ற சிகிச்சை. மற்றவை ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் அனுமதி வேண்டும், அரசின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் கட்டணம் கட்டிச் சேமிக்கச் சொல்கிறார்களே, பின்னாளில் அந்தப் பிள்ளைக்கே பயன்படும் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம்?

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. தலசீமியா, ரத்தப் புற்று கொண்ட பிள்ளைக்குப் பொருந்தும் மஜ்ஜை, உடன்பிறந்த ஒருவரிடம் கிடைக்க நாலில் ஒரு வாய்ப்புதான். இல்லையென்றால் வெளியாளைத் தேட வேண்டும். நம் வம்சாவளியைச் சேர்ந்தவரிடம் பொருந்தும் வாய்ப்பு அதிகம். 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிக் கொடுத்தால் பெயர் பதிவாகும். பொருந்தினால், பெரும்பாலும் கை நரம்பு வழியாகவே செல்லை எடுக்கிறார்கள். ரத்ததான முகாமுக்கு முதலில் வந்து நிற்கும் நம் பிள்ளைகள் இதற்கும் வரலாமே?

அந்த இரும்புக்கடைச் சகோதரரிடம், பதிவேட்டு எண்ணை மட்டும் கேளுங்கள் என்றேன். என் எதிரிலேயே போன் செய்தார். எண்ணைச் சொல்லவில்லை. இந்த வாரமே வந்தால் இருபது சதவீதம் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். முப்பது வருடம் கடை நடத்தியவர். போனை வைத்துவிட்டு, குடோன் தரகருக்கு அழைத்து, வேண்டாம் என்றார்.