இரவு நடத்தும் பாடம்



தேர்வு நெருங்கினால் நம் வீடுகளில் நள்ளிரவிலும் விளக்கு அணைவதில்லை. விழித்துப் படிக்கும் பிள்ளையைப் பொறுப்புள்ள பிள்ளை என்கிறோம். உறங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். இத்தீர்ப்பு சரிதானா என்பதையே இன்று ஆராய விழைகிறேன்.

உறக்கத்தில் மூளை ஓய்ந்துவிடுவதில்லை. 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். அவ்வழியில் சென்ற அறிஞர்கள், ஆழ்ந்த உறக்கத்தில் மூன்று தாளங்களைக் கண்டனர். மூளைப் புறணியில் ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் பேரலை முதலாவது. வினாடிக்கு 12 முதல் 15 முறை துடிக்கும் கதிரலை இரண்டாவது. வரைபடத்தில் நூற்கும் கதிரைப்போல் நடுவே பருத்துத் தோன்றுவதால் அப்பெயர். புதிய நினைவுகளை முதலில் ஏற்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் உட்பகுதியில் எழும் விரைவான சிற்றலை மூன்றாவது. 1994-இல் வில்சன், மெக்நாட்டன் என்னும் இருவர், எலிகள் நடமாடியபோது சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள் பின்னர் அவை உறங்கும்போதும் சேர்ந்தே இயங்குவதைக் காட்டினர். பகலில் கற்றதை மூளை இரவில் மீண்டும் ஓதுகிறது எனலாம். மூன்று தாளங்களும் ஒத்திசையும்போது அப்பாடம் புறணியில் நிலைபெறுகிறது என்பர் ஆய்வாளர்.

இதனை நம் அண்டை நாடான சிங்கப்பூரில் மாணவரிடமே சோதித்தனர். டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியில் மைக்கேல் சீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் எறும்பு, நண்டு வகைகளைப் பற்றிப் படித்தனர். இடையே ஒரு பிரிவினர் ஒரு மணி நேரம் உறங்கினர். ஒரு பிரிவினர் தொடர்ந்து மனனம் செய்தனர். மற்றவர் வெறுமனே ஓய்ந்திருந்தனர். அன்றைய தேர்வில் உறங்கியவரும் மனனம் செய்தவரும் ஓய்ந்திருந்தோரை விஞ்சினர். ஒரு வாரம் கழித்தோ, உறங்கியவரின் மேன்மை மட்டுமே தெளிவாக எஞ்சியது. 2016-இல் அக்குழுவினர் 56 இளையரை ஆராய்ந்தபோது, ஏழு இரவுகள் ஐந்து மணி நேரமே படுக்க விடப்பட்டோரின் கவனம் சரிந்தது. அதன்பின் இரண்டு இரவுகள் நன்கு உறங்கியும் அது முழுமையாக மீளவில்லை.

கோத்தா கோலா மூடாவில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1982 சனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டது. நாமோ அதன் மேற்கு ஓரத்தில் இருக்கிறோம். எனவே நம் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம் முந்தி ஓடுகிறது. காலை 7.30-க்குப் பள்ளி மணி ஒலிக்கையில் கதிரவன் கணக்கில் 6.10 மணிதான். பெரட்டுக்குப் போகும் பெற்றோரோடு இருளிலேயே எழுந்து பழகிய தோட்டத்துச் சமுதாயம் நாம். ஆயினும் பதின்ம வயதில் உடலின் உட்கடிகாரம் இயல்பாகவே பிந்துகிறது. சீக்கிரம் உறக்கம் வராத பிள்ளையைச் சீக்கிரம் எழுப்பினால், இழப்பு இரவுக்குத்தான். சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016-இல் தொடக்க நேரத்தை 7.30-இலிருந்து 8.15-க்கு மாற்றியது, மாணவியரின் உறக்கம் கூடியது.

பள்ளி நேரத்தை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால் ஆசிரியர்களே, மீள்பார்வையைப் பல நாள்களுக்குப் பங்கிட்டுத் தருவது உங்கள் கையில் உண்டு. மாணவர்களே, தேர்வுக்கு முன்னிரவு நூலை மூடுங்கள். நீங்கள் தொடங்கிய பாடத்தை முடித்துத் தருவது உறக்கமே.