படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி

(சமுதாயக் கூடத்தில் நடந்த நமது புகைப்படக் குழுவின் மாதக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில், அதுவும் கிரிக்கெட் நடக்கிற நேரத்தில், இத்தனை பேர் வந்திருப்பது சந்தோஷமாக இருக்கிறது. எட்டு மணிக்கு இந்த ஹாலில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா இருப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். பலூன் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இந்தக் காலாண்டுப் போட்டிக்கு நம் குழு வைத்திருக்கும் தலைப்பு 'இரவில் மனிதர்கள், கறுப்பு வெள்ளையில்'. அறிவிப்பு வந்ததும் பலர் என்னிடம் கேட்ட கேள்வி, "கையில் நல்ல கலர் கேமரா இருக்கும்போது எதற்குக் கறுப்பு வெள்ளை?" என்பது. அதற்குப் பதில் சொல்கிறேன். கூடவே, யாரும் கேட்காத இன்னொரு கேள்வியையும் எடுத்துக்கொள்கிறேன். இரவில் ஒருவரைப் படம் எடுத்தால், அவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

முதலில் இடத்தைப் பார்ப்போம். இந்த வகைப் படங்கள் அதிகம் பிறந்தது பழைய சாப்பாட்டுக் கடைகளில். அமெரிக்காவில் 'டைனர்' என்பார்கள். பலர் அதைப் பழைய ரயில் பெட்டி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதன் ஆரம்பம் ஒரு குதிரை வண்டி. 1872இல் ராட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் வண்டியில் சாண்ட்விச்சும் காபியும் வைத்துக்கொண்டு, ஒரு பத்திரிகை அலுவலக வாசலில் நின்றார். மற்ற கடைகள் மாலையிலேயே மூடிவிடும். இரவு ஷிப்ட் அச்சுத் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு கிடையாது. அவர்களுக்காக வந்தது அந்த வண்டி. பின்னால் தொழிற்சாலைகளில் நீளமான கடைகளாகவே செய்து, இழுத்துக்கொண்டு வந்து வைத்தார்கள். ஆக, டைனர் என்பது பிறப்பிலேயே இரவுக் கடை. வீட்டுக்குப் போக முடியாதவர்களும், போக மனமில்லாதவர்களும் உட்காரும் இடம்.

இரவில் அப்படிப்பட்ட கடைக்குள் கேமராவோடு போனால் முதல் சிக்கல் வெளிச்சம். மேலே டியூப்லைட், கல்லாவுக்குப் பக்கத்தில் குண்டு பல்பு, வாசலில் சிவப்பு நியான் விளக்கு. கலரில் எடுத்தால் ஒரே முகத்தில் ஒரு கன்னம் பச்சை, ஒரு கன்னம் மஞ்சள். பார்ப்பவர் கண் முகத்தை விட்டுவிட்டு நிறத்தின் பின்னால் ஓடும். கறுப்பு வெள்ளையில் அந்தச் சண்டை இல்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே விழவில்லை என்பது மட்டும் மிஞ்சும். கண்ணின் கீழ் உள்ள சுருக்கம், கோப்பையைப் பிடித்திருக்கும் விரல், தோளில் சாய்ந்த தலை எல்லாம் முன்னுக்கு வரும். கலர் பிலிம் பரவிய பிறகும் இரவுப் படக்காரர்கள் பலர் கறுப்பு வெள்ளையை விடாததற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் பிலிமின் வேகம். கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பயப்பட வேண்டாம். மங்கலான கடையில் 400 வேகமுள்ள கறுப்பு வெள்ளை பிலிம் போட்டு, லென்ஸை எஃப் 2 வரை திறந்தால், சுமாராக 1/30 விநாடி தேவைப்படும். அந்த நேரத்தில் ஒருவர் சிரித்துத் தலையைத் திருப்பினால் படம் கலங்கிவிடும். அதே பிலிமை 1600 என்று வைத்து எடுத்தால் 1/125 விநாடி போதும். சிரிப்பு நிற்கும். ஆனால் இருட்டறையில் அந்தச் சுருளை டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்திருக்க வேண்டும். இதற்கு 'புஷ்' செய்வது என்று பெயர். இதில் இலவசம் எதுவும் இல்லை. வெளிச்சமான பகுதி மேலே ஏறும், இருட்டான பகுதி இருட்டாகவே நிற்கும், மணல் தூவியதுபோலப் புள்ளிகள் பெரிதாகும். பழைய இரவுப் படங்களில் நாம் ரசிக்கும் அந்தச் சொரசொரப்பும் அடர்ந்த கறுப்பும் பெரும்பாலும் அலங்காரம் அல்ல. வெளிச்சம் போதாமைக்குக் கொடுத்த விலை.

நம் கையில் இருப்பது போன்தான். அதற்கும் இதே கணக்குதான். 'நைட் மோட்' என்பது சில விநாடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாக்குவது. கட்டடத்துக்கு நன்றாக இருக்கும், அசையும் மனிதருக்கு ஆகாது. அதனால் ஆள் இருக்கும் படத்துக்கு அதை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து, அந்த விளக்கு முகத்தின் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இறக்குங்கள். பின்னணி இருண்டால் இருளட்டும். ஃபிளாஷ் வேண்டாம்.

ஃபிளாஷ் என்றதும் பிராசாய் நினைவுக்கு வருகிறார். இன்று ருமேனியாவில் இருக்கும் பிராசோவ் நகரத்தில் 1899இல் பிறந்தவர். பாரிஸுக்கு வந்து, இரவுத் தெருக்களையும் சிற்றுண்டிக் கடைகளையும் எடுத்து, 1930களின் தொடக்கத்தில் 'பாரிஸ் தெ நுயி' என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். கண்ணாடித் தகடு போடும் கேமரா, முக்காலி, மக்னீசியத் தூள் வெடிக்கும் ஃபிளாஷ். தெருவில் நீண்ட நேரம் கேமராவைத் திறந்து வைக்கும்போது, ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை வைத்துக் கணக்கிடுவாராம். இவ்வளவு சாமான்களோடு யாரையும் திருட்டுத்தனமாக எடுக்க முடியாது. கடைக்குள் இருப்பவர்களுக்கு அவர் யார், என்ன செய்கிறார் என்று தெரிந்துதான் இருக்கும்.

கேமரா சின்னதான பிறகுதான், தெரியாமல் எடுப்பது சாத்தியமானது. சாத்தியமான பிறகும் அதைச் செய்யாத ஒருவரைப் பற்றித்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆண்டர்ஸ் பீட்டர்சன், 1944இல் பிறந்த ஸ்வீடன்காரர். ஸ்டாக்ஹோமில் கிறிஸ்டர் ஸ்ட்ரோம்ஹோம் என்ற ஆசிரியரிடம் புகைப்படம் கற்றவர். ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டி ரீப்பர்பான் என்ற பகுதி இருக்கிறது. அங்கே 'கஃபே லெமிட்ஸ்' என்று ஒரு பழைய கடை. பெயர்தான் கஃபே, ஓடியது பெரும்பாலும் பீர். மாலுமிகள், துறைமுகத் தொழிலாளர்கள், டாக்சி ஓட்டுநர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், போக இடம் இல்லாதவர்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். ஊரார் பார்வையில் ஒதுக்கப்பட்டவர்கள். கடைக்குள் அவர்கள்தான் குடும்பம்.

பீட்டர்சன் பதின்ம வயதிலேயே ஹாம்பர்க்கில் கொஞ்ச காலம் இருந்தவர். 1967இல் திரும்பிப் போனபோது அவருக்கு 23 வயது. ஒரு நாள் இரவு லெமிட்ஸில் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார். திரும்பிப் பார்த்தால், கடையில் இருந்தவர்கள் அதை ஆளுக்கு ஆள் மாற்றி வாங்கி, ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மில் யாராக இருந்தாலும் முதலில் கேமராவைப் பிடுங்கியிருப்போம். அவர், அது என் கேமராதான், என்னையும் ஒரு படம் எடுங்கள் என்றார். அதற்குப் பிறகுதான் அவர் எடுக்க ஆரம்பித்தார். முதலில் அவர்கள் அவரை எடுத்தார்கள். வரிசையைக் கவனியுங்கள்.

அப்படி 1970 வரை போய்ப் போய் எடுத்தார். நடனம், முத்தம், சண்டை, அழுகை, மேசைமேல் தலை வைத்துத் தூக்கம். அந்தப் படங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். யாரும் கேமராவைக் கண்டு ஒளியவில்லை, யாரும் கேமராவுக்காக நடிக்கவும் இல்லை. அவர் ஒரு ஆளாக அங்கே இருந்தார், அவ்வளவுதான்.

1970இல் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. அருங்காட்சியகத்தில் அல்ல, அதே லெமிட்ஸ் கடையில். சுமார் 350 படங்களைச் சுவரில் அடித்து மாட்டினார். தன் முகத்தைக் கண்டுபிடிப்பவர் தன் படத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது ஏற்பாடு. இதை நான் முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. நாம் கண்காட்சி வைத்தால் படம் சுவரில் இருக்க வேண்டும் என்று நினைப்போம். இவருடைய கண்காட்சியில் படம் சுவரை விட்டுப் போவதுதான் வெற்றி.

புத்தகம் வந்தது 1978இல்தான். பிறகு 1985இல் அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸ் தன் 'ரெயின் டாக்ஸ்' இசைத்தட்டின் அட்டைக்கு அதிலிருந்து ஒரு படத்தைப் பயன்படுத்தினார். சிரிக்கும் பெண்மீது சட்டையில்லாத ஒரு மனிதர் சாய்ந்திருக்கும் படம். அந்த மனிதர் டாம் வெயிட்ஸ்தான் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். இல்லை, லெமிட்ஸின் வாடிக்கையாளர் ஒருவர். உலகம் முழுக்கப் போன படம், பிறந்தது அந்தக் கடையில்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் இரவில் மனிதர்கள் இருக்கிறார்கள். கேட்டில் செக்யூரிட்டி, தண்ணீர் லாரியிலிருந்து சம்ப்புக்குக் குழாய் போடுபவர், மூன்றரை மணிக்குப் பால் பாக்கெட் பிரிப்பவர். போட்டிக்கு நாம் எடுக்கப் போவது இவர்களைத்தான், நம்மை நாமே அல்ல. சில மாதங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விடியற்காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போன ஒரு காவலர். வாய் திறந்திருந்தது. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். இரண்டு நாளில் அவர் இங்கே இல்லை. ஏஜென்சி வேறு ஆளை அனுப்பிவிட்டது.

அவர் தூங்கியது சரி என்று நான் சொல்லவில்லை. காவல் வேலையில் தூங்கினால் புகார் செய்ய வேண்டியதுதான். சங்க அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது, மேற்பார்வையாளர் இருக்கிறார். அங்கே சொன்னால், அவர் அடுத்தடுத்து எத்தனை ஷிப்ட் பார்த்தார் என்று கேட்கவாவது ஒரு ஆள் இருப்பார். படம் அதைக் கேட்காது. படம் முடிவு சொல்லிவிடும். அந்தப் படம் இருநூறு வீடுகளின் போனுக்குப் போனது. போகாத ஒரே போன் அவருடையது.

லெமிட்ஸிலும் தூங்குகிறவர்கள் படம் உண்டு என்று சொன்னேன். இரண்டும் தூக்கம்தான், இரண்டும் இரவுதான். ஒன்று, படத்தில் இருப்பவர் சுவரிலிருந்து கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடிய படம். இன்னொன்று, படத்தில் இருப்பவர் பார்க்கவே கூடாது என்று எடுத்த படம். லென்ஸ், வேகம், வெளிச்சம் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் இவை வேறு வேறு காரியங்கள்.

"கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பாக வராதே, விறைப்பாக நிற்பாரே" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் படம் விறைப்பாகத்தான் வரும். அதையும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், ஊருக்கு அனுப்ப அவருக்கு உதவும். அடுத்த வாரம் மறுபடி போங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள். நான்காவது தடவை அவர் உங்களை மறந்துவிடுவார். பீட்டர்சனுக்கே மூன்று வருடம் ஆனது, நமக்கு மூன்று மாதம் இருக்கிறது.

அதனால் போட்டி விதிகளில் மூன்றைச் சேர்க்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, படத்தில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் இல்லை. சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருக்கும் நாம் கேட்கும்போது 'வேண்டாம்' என்று சொல்வது அவருக்குக் கடினம். ஆகவே அவர் தயங்கினாலே அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, முடிவு அறிவிக்கும் முன்பே படத்தில் இருப்பவர் கையில் அச்சிட்ட பிரதி ஒன்று போய்ச்சேர வேண்டும். செலவைக் குழுவின் நிதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்று, கண்காட்சியை இந்த ஏ.சி. ஹாலில் வைக்காமல் கேட்டுக்குப் பக்கத்திலுள்ள சுவரில் வைக்கலாம். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து போகிறவர்களும் நின்று பார்க்க முடியும்.

பலூன் வந்துவிட்டது, வாசலில் குழந்தைகளும் நிற்கிறார்கள். போனில் வெளிச்சத்தை எப்படி இறக்குவது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வரும் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு பி பிளாக் வாசலுக்கு வாருங்கள், செய்து பார்க்கலாம்.