உத்தரம் பாரம் தாங்குமா?



அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளைப் பரணில் அடுக்குகிறோம். அப்பரணைத் தாங்கும் உத்தரத்தின் கீழேதான் நம் குழந்தைகள் உறங்குகின்றனர். "பாட்டனார் காலத்துத் தேக்கு, அசையாது" என்று இருந்துவிடுகிறோம். பாட்டனார் அதன்மீது எத்தனை மூட்டை ஏற்றினார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் மரத்தைச் சோதிப்போம். சுவருக்குள் புகும் இரு முனைகளிலேயே ஈரமும் கரையானும் தங்கும். அங்கே உளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும். பாரம் ஏறும்போது உத்தரத்தின் கீழ்ப்புறம் இழுபடும். ஆகவே, நடுப்பகுதியின் அடியில் வெட்டுவாயோ, பெரிய கணுவோ, குறுக்கு வெடிப்போ இருத்தல் ஆகாது.

அடுத்துக் கணக்கு. உத்தரத்தின் அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 15 சென்டிமீட்டர், சுவர்களுக்கிடையே 3 மீட்டர் என்று கொள்வோம். அகலத்தை உயரத்தால் இருமுறை பெருக்கினால் 2,250. அதை 3 மீட்டரால் வகுத்தால் 750. அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் 1,000. குறையற்ற தேக்காயின், பரவலாக வைத்த 1,000 கிலோ பாரத்தை அது தாங்கும். பலகைக்கும் உத்தரத்தின் சொந்த எடைக்கும் 200 கிலோ ஒதுக்கினால், 75 கிலோ மூட்டைகள் பத்து ஏற்றலாம். பாரம் முழுவதையும் நடுவில் குவித்தாலோ, தாங்கும் அளவு பாதியாகிவிடும். அதே மரத்தைப் படுக்கவைத்தால் மூன்றில் இரண்டு பங்கே தாங்கும். உயரமே உத்தரத்தின் பலம் என்பதை மறவாதிருப்போம்.

இடைவெளி உத்தரத்தின் உயரத்தைப்போல் இருபது மடங்கைக் கடந்தால் இக்கணக்குப் போதாது. ஏனெனில் இடைவெளி இரட்டித்தால், அதே பாரத்திற்குத் தொய்வு எட்டு மடங்காகும். அப்பொழுது பொறியாளரைக் கலந்துகொள்ள வேண்டும்.

இறுதியாக, உத்தரத்தின் அடியில் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்ப்போம். 3 மீட்டர் நீளத்தில் நடுப்பகுதி 1¼ சென்டிமீட்டருக்கு மேல் தொய்ந்திருந்தால், மூட்டைகளை உடனே இறக்க வேண்டும். பின்னர் உறுதியான அடித்தளத்தின்மேல் நடுவே ஒரு தூண் நிறுத்தலாம்.

இச்சோதனைக்கு வேண்டுவன ஓர் உளி, ஒரு சுத்தி, ஒரு முழ அளவுகோல், சிறிது நூல், அவ்வளவே. இவ்வாண்டு மூட்டைகள் பரணேறுமுன், நம் வீடுகளிலும் பஞ்சாயத்துக் கட்டடங்களிலும் இதைச் செய்து முடிப்போமாக.