எல்லைப்புறப் பள்ளியும் கோப்புப் பட்டியலும்

வாளையாற்றைக் கடந்து மேற்கே செல்லும் ரயிலில் அமர்ந்தால், சிறிது நேரத்தில் பாலக்காட்டுச் சமவெளி கண்ணுக்குப் புலனாகும். அதன் கீழ்ப்புறத்தில் சித்தூரும் கொழிஞ்சாம்பாறையும் இருக்கின்றன. தெற்கே ஆனைமலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து மறையூர், மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு முதலிய ஊர்கள் உள்ளன. இவ்விடங்களிலெல்லாம் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. தமிழ்வழிப் பள்ளிகளும் நடைபெறுகின்றன. வெளி மாநிலத்தில் தமிழ் கற்பிப்பதில் இரண்டு இடர்கள் உண்டு என்பதை நாம் அறிவோம். பாடநூல் கிடைப்பது ஓர் இடர். கிடைத்ததைப் பிள்ளை தானே தேடி எடுக்குமாறு வைப்பது மற்றோர் இடர். இன்று இரண்டாவதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

கேரள அரசு 2001-ஆம் ஆண்டில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2017-இல் அதுவே 'கைட்' என்னும் நிறுவனமாயிற்று. பள்ளிக் கணினிகளுக்கென அது வழங்குவது லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம். பாடநூல்களும் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் கணினிக் கோப்புகளாக வெளியிடப்படுகின்றன. ஆதலின், இணையம் அடிக்கடி தடைப்படும் மலைப்புறப் பள்ளியொன்றில், பழைய கணினி ஒன்றையே பொது அலமாரியாக்கிவிடலாம். நூல்களை ஒருமுறை அதில் சேர்த்து வைத்தால், பள்ளியின் மற்றக் கணினிகள் இணையமின்றியே அவற்றைப் பெறும்.

இவ்வேலைக்கு வேண்டுவது சிறியதொரு வலைச் சேவையகம், அதாவது சர்வர். யான் நெஷ்கே என்னும் ஜெர்மானியர் 2003-இல் எழுதிய 'லைட்டி' அத்தகையது. ஒரே வேளையில் 10,000 இணைப்புகளுக்கு ஒரு சேவையகம் ஈடுகொடுக்க இயலுமா என்ற வினாவுக்கு விடையாக எழுந்தது அது. நினைவகத்தைச் சிறிதளவே கொள்வதால், பழைய பொறியிலும் தடையின்றி ஓடும்.

இனி, அலமாரிக்கு ஒரு பட்டியல் வேண்டுமன்றோ? கோப்பகத்தில் உள்ளவற்றைச் சேவையகம் தானே பட்டியலிட்டுக் காட்டும். ஆயினும் அது முதலில் அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் 'டிர்-லிஸ்டிங் ஆக்டிவேட்' என்ற வரியில் 'எனேபிள்' என்று எழுதினால் திறக்கும். திறந்தவுடன் தோன்றுவதோ வெறும் பெயர்வரிசை. தலைப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். இஃது என்ன அலமாரி, யாருக்குரியது என்று சொல்ல ஒரு சொல்லும் இராது.

அக்குறையை நீக்க வழியுண்டு. ஆங்கிலப் பேரெழுத்துகளில் 'ஹெடர்' என்றும் 'ரீட்மீ' என்றும் பெயரிட்டு, 'டி.எக்ஸ்.டி.' என்னும் பின்னொட்டுடன் இரண்டு எளிய எழுத்துக்கோப்புகளை அங்கே வைத்து, அவற்றைக் காட்டுமாறு அமைப்பில் கூறினால், முன்னது பட்டியலின் மேலும் பின்னது கீழும் தோன்றும். மேலே வரவேற்பும் கீழே குறிப்பும் தமிழில் எழுதலாம். வரிகளைக் குறுக்கி எழுதுவது நலம். நீண்ட வரி தானே மடியாது. எழுத்துக் குறியாக்கம் 'யூ.டி.எஃப்.-8' என்று குறித்துவிட்டால் தமிழ் சிதையாது. தனியே ஒரு நடைத்தாளை இணைத்தால் எழுத்துருவையும் அளவையும் மாற்றலாம். ஆங்கிலத் தலைப்புகளை மறைத்து, 'பெயர்', 'அளவு' என்று தமிழில் காட்டவும் செய்யலாம். மலையாளக் கணிமைக்கென உழைக்கும் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் குழுவே 'மீரா இனிமை' என்ற தமிழ் எழுத்துருவையும் ஆக்கி இலவசமாக வழங்கியிருக்கிறது. எல்லைப்புறப் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்துரு வேறு யாது?

எல்லாவற்றினும் இன்றியமையாதது வரிசை. வகுப்புகளின் பெயரைத் தமிழில் எழுதிக் கோப்பகங்களை வைத்தோமென்று கொள்வோம். பட்டியலில் ஆறாம் வகுப்பு முதலில் நிற்கும். இரண்டாம், எட்டாம், ஏழாம், ஐந்தாம், ஒன்பதாம் வகுப்புகள் தொடரும். அதன்பின்னரே ஒன்றாம் வகுப்பு வரும். மூன்றாம் வகுப்போ கடைசியில் கிடக்கும். சேவையகம் பொருளை அறியாது. எழுத்துகளின் குறியெண்ணை மட்டுமே அறியும். அக்குறியெண்ணும் நம் அகராதி முறையோடு முற்றும் ஒத்ததன்று. அகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும். சேவையகத்தின் பட்டியலில் 'பகல்' முந்திக்கொள்ளும். புள்ளியின் குறியெண் எழுத்துகளின் குறியெண்களுக்குப் பிற்பட்டிருப்பதே காரணம். 'ற' என்னும் எழுத்து 'ர'வை அடுத்தும், 'வ' என்னும் எழுத்து 'ழ'வுக்குப் பின்னும் வருவதும் இவ்வாறே.

இதற்கு மருந்து மிக எளிது. பெயருக்கு முன்னே எண் இடுக. அதுவும் 1, 2 என்றிடாமல் 01, 02 என்று இரண்டு இலக்கமாக இடுக. இல்லையேல் 1-ஐ அடுத்து 10 வந்து நிற்கும். '01 ஒன்றாம் வகுப்பு' என்று தொடங்கி '10 பத்தாம் வகுப்பு' என்று முடித்தால், ஏழு வயதுக் குழந்தையும் தன் நூலைத் தானே எடுத்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பைத் திருத்திய பின், சேவையகத்தை மீண்டும் தொடங்கினாலன்றி மாற்றம் தோன்றாது என்பதையும் மறத்தலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. பட்டியலைத் திறப்பது வீட்டுக் கதவைத் திறப்பது போன்றது. மாணவரின் மதிப்பெண்களும் பெற்றோரின் முகவரிகளும் அதே இடத்தில் கிடந்தால், அவையும் ஊரறியக் காட்சிக்கு வரும். குறித்த சில பெயர்களைப் பட்டியலிலிருந்து விலக்கும் வசதி உண்டு என்பது மெய்யே. ஆனால், விலக்கப்படுவது பெயர் மட்டுமே, கோப்பன்று. முகவரியை அறிந்தவன் அதை எடுத்துக்கொள்வான். ஆகவே, காக்க வேண்டியவற்றை அக்கோப்பகத்திலேயே வைக்கலாகாது. நூல்கள் உள்ள பாதைக்கு மட்டும் பட்டியலைத் திறந்து, ஏனையவற்றை அடைத்தே வைப்பதுதான் நன்று.

நேயர்களே, இவ்வளவும் ஒரு பிற்பகலில் முடியும் வேலை. எல்லைப்புறப் பள்ளிக்கு மட்டும் உரியதும் அன்று. 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் போன்ற மன்றங்களுக்கும், மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளுக்கும் இது பயன்படும். நூல் இருந்தும் வழி தெரியாமல் ஒரு பிள்ளை வேற்றுமொழிப் பக்கத்துக்குத் திரும்பிவிடுமானால், அப்பிழை பிள்ளையினுடையதன்று. அலமாரியை ஒழுங்கு செய்யாத நம்முடையது. நம் ஊரில் அத்தகைய அலமாரி ஒன்று இருந்தால், நாளையே அதன் பெயர்களுக்கு எண் இடுவோம். மேலே தமிழில் நான்கு வரி எழுதி வைப்போம்.