தென்துருவக் கடலின் சிற்றுயிர்
(விழா மேடையில் ஆற்றிய உரை)



கடலில்லாத திருச்சியில் கடலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நம் தாய்மார்கள் கத்தரிக்காயோடு சேர்த்துத் தொக்கு வைக்கும் சென்னாக்குன்னியை அறியாதவர் உண்டோ! தென்துருவக் கடலின் கிரில்லும் பார்வைக்கு அதே சாயல்; இனம் வேறு. வளர்ந்தாலும் 6 சென்டிமீட்டர்தான். ஆயினும் திமிங்கிலத்துக்கும் பென்குயினுக்கும் அதுவே சோறு. அதை ஆராய நம் நாட்டின் 'சாகர் சம்பதா' கப்பல் 1995-96இல் அங்கே சென்றது.

குளிர்காலத்தில் கடல்மேல் உறையும் பனிக்கட்டியின் அடியில் பாசி படரும். கிரில் குஞ்சுகள் அதைச் சுரண்டித் தின்றே பிழைக்கின்றன. மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறக்காத ஆண்டுகளில் திருவரங்கத்தின் இருபுறமும் காவிரியும் கொள்ளிடமும் மணலாய்க் கிடக்க, குறுவை இழந்த உழவர் பட்ட பாட்டை நாம் அறிவோம். பனி உறையாவிட்டால் அந்தக் குஞ்சுகளுக்கும் அதே கதிதான். 1979 முதல் செயற்கைக்கோள் கொண்டு அளந்துவந்ததில், 2023ஆம் ஆண்டின் குளிர்காலப் பனிப்பரப்புதான் மிகக் குறைவு.

இதற்கிடையே மீன் தீவனத்துக்கும் எண்ணெய் மாத்திரைக்கும் கப்பல்கள் கிரில்லை அள்ளுகின்றன. மாத்திரைக்கு வேறு வழியுண்டு, திமிங்கிலத்துக்கு ஏது? 2025இல் பிடிப்பு 6,20,000 டன் என்ற வரம்பைத் தொட்டதால், பருவம் முடியுமுன்பே வலைகளைச் சுருட்டச் சொல்லிவிட்டார்கள்.