புயலுக்கும் ஒரு பேரேடு
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் பேரேடு புரட்டியவன் நான். புயலுக்கும் பேரேடு உண்டு. 1851 முதல் அட்லாண்டிக் புயல்கள் சென்ற பாதைகளை அமெரிக்கர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

2004 ஆகஸ்டில், ஃபுளோரிடாவின் டாம்பா நகரை நோக்கி வருவதாகக் கணிக்கப்பட்ட சார்லி புயல், திடீரென்று திரும்பி, தெற்கே காயோ கோஸ்டா தீவில் கரையைக் கடந்தது. 2022 செப்டம்பரில் இயான் புயலுக்கும் ஒரு கட்டத்தில் டாம்பாவைத்தான் சொன்னார்கள். அதுவும் அதே தீவில் கரையைக் கடந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

பழைய கணக்கு எந்தக் கரைக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லும். அடுத்த புயல் எங்கே, என்றைக்கு என்று சொல்லாது. ஆகவே, புயல் வரைபடத்தில் நடுக்கோட்டை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இருபுறமும் விரியும் பகுதி முழுவதையும் பாருங்கள்.