உலகப் பிரசையின் கடன்

1948ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19ஆம் நாள். பாரிஸ் மாநகரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கூடியிருந்தது. பார்வையாளர் பகுதியிலிருந்து ஓர் இளைஞர் எழுந்து, உலகனைத்துக்கும் ஒரே அரசு வேண்டுமென முழங்கலானார். காவலர் அவரை வெளியேற்றினர். அவர் பெயர் கரி டேவிஸ். ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனிமீது குண்டு வீசிய விமானி. அதே போரிற் சகோதரரைப் பறிகொடுத்தவர். தாம் செய்த அழிவு நெஞ்சை உறுத்த, அவ்வாண்டு மே மாதத்தில் தம் நாட்டுப் பிரசாவுரிமையைத் துறந்து, தம்மை உலகப் பிரசையென அறிவித்தார். பின்னர் உலகக் கடவுச்சீட்டு ஒன்றைத் தாமே அச்சிட்டு, அதனை ஏந்தி எல்லைகளைக் கடக்க முயன்று பலமுறை சிறை புகுந்தார்.

டேவிஸின் உள்ளத் தூய்மையை ஐயுறுவதற்கில்லை. ஆயினும், நாட்டுப் பிரசாவுரிமையைத் துறத்தல்தான் உலகப் பிரசையாதற்கு வழியோ என்பது வினாவாகும். அதே நவம்பர் மாதத்திலேதான் இலங்கையில் புதிய பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் அதனால் நாடற்றோராயினர். அவர்களுள் இறுதியாக எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. டேவிஸ் தாமே விரும்பித் துறந்ததை அம்மக்கள் விரும்பாமலே இழந்தனர். நாடில்லாதவனுக்கு உலகமும் இல்லை என்பதை அவர்களினும் நன்கறிந்தார் யார்?

டேவிஸ் குரலெழுப்பி மூன்று வாரம் கழிந்தபின், டிசம்பர் 10ஆம் நாள், அதே சபை மனித உரிமைகளின் உலகப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15ஆம் உறுப்புரை, ஒரு நாட்டினராயிருத்தல் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. 29ஆம் உறுப்புரையோ, மனிதனுக்குத் தன் சமுதாயத்தின்பாற் கடமைகளும் உள எனக் கூறுகிறது. உரிமைகளைக் கேட்டுப் பெறுவதற்கு அரசுகள் உண்டு. எல்லை கடந்த கடமையை எங்கே, எவ்வாறு ஆற்றுவது?

இதற்கு விடை சோமாலியாவின் மேர்க்கா நகரில் வாழ்ந்த ஒரு சமையற்காரரின் வாழ்விலே கிடைக்கிறது. 1977ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், வைசூரி கண்ட இரு பிள்ளைகளை ஏற்றிவந்த வாகனமொன்றுக்கு வழி காட்டினார், வைத்தியசாலைச் சமையற்காரரான அலி மாவ் மாலின். சென்றது சிறிது தூரமே, நோய் தொற்றிக்கொண்டது. ஊசி வலிக்குமென அஞ்சி அவர் முன்னர் தடுப்பு ஏற்றிக்கொள்ளாதிருந்தார். அவ்வொருவரின் அச்சம் ஊரனைத்தையும் இடருக்குள்ளாக்கியது. இரு வாரத்துள் 50,000 பேருக்கு மேல் தடுப்பு ஏற்றினர். நோய் அங்கேயே நின்றது. மாலின் பிழைத்தார். இயற்கையாக வைசூரி கண்டோருள் உலகிலேயே இறுதியானவர் அவரே. 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. ஒன்றையொன்று பகைத்து நின்ற சோவியத்து ஒன்றியமும் அமெரிக்காவும் இம்முயற்சியில் ஒன்றுபட்டுழைத்தன. அவற்றுள் எதுவும் தன் கொடியை இறக்கவில்லை.

மாலின் தம் பிழையை மறைத்தாரல்லர். பிற்காலத்தில் இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணியிற் சேர்ந்து, ஊசிக்கு அஞ்சிய தம் கதையையே தாய்மாருக்கு எடுத்துரைத்து, பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கச் செய்தார். 2013ஆம் ஆண்டு அந்நோய் மீண்டும் சோமாலியாவிற் புகுந்தபோது அப்பணியில் மறுபடியும் இறங்கினார். அப்போது மலேரியா கண்டு, ஜூலை 22ஆம் நாள் மாண்டார். இரு நாள் கழித்து, அமெரிக்காவில், 91 வயதினராய்க் கரி டேவிஸும் மறைந்தார்.

ஒருவர் எல்லைகளே வேண்டாமென்றார். மற்றவர் எல்லைகளைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. தம் ஊரிலே நோயை நிறுத்தினால் அது பிற ஊர்களுக்கும் செல்லாது என்பதை உணர்ந்து உழைத்தார். டேவிஸின் கனவு நனவாகும் காலம் வருமோ, வாராதோ! மாலின் ஆற்றிய கடனுக்கோ கடவுச்சீட்டு வேண்டியதில்லை. தன் வாயிலில் தான் செய்வதும் செய்யாது விடுவதும் அறியாத ஒருவனின் வாயிலையும் சென்றடையும் என்னும் நினைவோடு வாழ்பவன் எவனோ, அவனே உலகப் பிரசை.